பழம்பொருளின் உயிர் கண்ட கலாயோகி

கண்டி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பழம்பொருள் விற்போரின் கடைகளைக் கண்டவர்கள், அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் பொருள்களின் விசித்திரத்தை எளிதில் மறவார். தந்தத்திற் கடைந்த சீப்பு; குதிரைத் தலையும் அன்னத்தின் கழுத்தும் அமைந்த பாக்குவெட்டி; உள்ளங்கையில் அடங்கும் சுண்ணாம்புக் கரண்டகம்; பித்தளைப் படிக்கம்; வெள்ளிக் கம்பி இழைத்த பிடியுடைய கத்தி; அரக்குப் பூசிய ஏட்டுப் பலகை; எழுத்தாணி; சிவப்பும் நீலமுமாய் நூல் ஓடிய வெற்றிலைப் பை. இவற்றை எடுத்துப் பார்ப்பவர், எத்தனை ஆண்டுப் பழமை என்று கேட்பார்; வெள்ளி எவ்வளவு தேறும் என்று கேட்பார்; ஈற்றில் விலை கேட்பார். இதனைச் செய்தவன் யார், எவருடைய கைக்காகச் செய்தான், அவனுக்குச் சோறிட்டவர் யார், அவன் பேரன் ஏன் இத்தொழிலைக் கைவிட்டான் என்று கேட்பவர் அரியர்.

ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர் இந்த அரிய வினாக்களைத் தம் வாழ்வின் வினாக்களாக ஏற்றுக் கண்டிச் சீமையின் ஊர்தோறும் திரிந்த ஒருவர் உண்டு. அவரே கலாயோகி என்று தமிழுலகம் போற்றும் ஆனந்த கென்டிஷ் குமாரசுவாமி. சிவ நடனத்தின் தத்துவத்தை மேனாட்டார்க்கு எடுத்துரைத்தவர் என்ற அளவில் அவரை நம் மாணவர் அறிவர். அப்பெருமகனின் கண் முதன்முதல் திறந்தது கண்டிச் சீமையின் கம்மாலைகளிலும் விகாரைகளிலும் என்பதைப் பலர் அறியார்.

கண்டிக்குக் கிழக்கே, மகாவலி கங்கையை அடுத்துக் கிடப்பது குண்டசாலை. 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் இவ்வூரில் மாளிகை அமைத்து விரும்பி உறைந்தமையால், மக்கள் அவனைக் குண்டசாலை மன்னன் என்றே அழைத்தனர். அவன் மதுரையிலிருந்து மணப்பெண் கொண்டவன். தமிழிலும் சிங்களத்திலும் நூல் செய்த கத்தோலிக்கக் குரவர் யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளை அவன் ஆதரித்தான். மகப்பேறின்றி அவன் மறைந்தபின், அரசியின் உடன்பிறந்தான் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்னும் பெயருடன் முடிசூடினான். நாயக்கர் வழி அரசு கண்டியில் அவ்வாறு தொடங்கிற்று. குண்டசாலைக்கு அண்மையிலுள்ள தெகல்தொருவைக் குகை விகாரையின் சுவரோவியங்கள் அந்த நாயக்க மன்னர் காலத்தன. குண்டசாலை அமைந்திருக்கும் தும்பறைப் பள்ளத்தாக்கு, மருள் இனத்துச் செடிகளின் நாரைச் சாயமூட்டித் தறியில் நெய்யும் பாய்களுக்குப் பெயர் பெற்றது. அவ்வோவியங்களும் அப்பாய்களும் குமாரசுவாமி எழுதிய பெருநூலில் இடம் பெற்றுள்ளன. ஆதலின் அவருடைய வரலாற்றைச் சொல்வதற்குக் குண்டசாலையினும் பொருத்தமான திண்ணை வேறில்லை.

ஆனந்தர் 1877-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் கொழும்பிற் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி. யாழ்ப்பாணத்து வழிவந்த சைவப் பெருங்குடியினர். சட்டநிரூபண சபையில் தமிழரின் பிரதிநிதியாய் வீற்றிருந்தவர். இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் பட்டம் பெற்றவர். அரிச்சந்திர நாடகத்தை 1863-இல் ஆங்கிலத்திற் பெயர்த்த அவரே, 1874-இல் பாளி மொழியிலிருந்து சுத்தநிபாதத்தின் சூத்திரங்களையும் தாதாவம்சத்தையும் ஆங்கிலப்படுத்தினார். சைவர் ஒருவர் பௌத்த நூல்களை இவ்வாறு ஆர்வத்துடன் பயின்றமை மகனின் பிற்கால வாழ்வுக்கு நல்ல முன்னறிகுறியாக அமைந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் முத்துக்குமாரசுவாமியின் சகோதரி புதல்வர்கள்; ஆகவே ஆனந்தருக்கு மைத்துனர் முறையினர்.

தாயார் எலிசபெத் கிளே பீபி அம்மையார் இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்தவர். கென்டிஷ் என்னும் நடுப்பெயர் அத்தாய்நிலத்தின் நினைவாக வந்தது. தாயும் குழந்தையும் இங்கிலாந்து சென்றிருந்த வேளையில், தாமும் அங்குப் புறப்பட இருந்த முத்துக்குமாரசுவாமி 1879 மே மாதத்தில் காலமானார். இரண்டு வயதும் நிரம்பாத மைந்தன் தந்தையின் முகத்தையும் தந்தையின் மொழியையும் ஒருங்கே இழந்தான். பிற்காலத்தில் உலகின் பல மொழிகளைப் பயின்ற அப்பேரறிஞர், தாய்மொழிக் கல்வி இழந்தோரைக் குறித்து எழுதும்போதெல்லாம் அவருடைய எழுத்தில் ஒரு தனி உறுதி தோன்றுவதற்கு இந்த இழப்பும் காரணமாயிருக்கலாம்.

இங்கிலாந்தின் குளோஸ்டர்சயரிலுள்ள விக்லிப் கல்லூரியிலும், பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் கற்று, 1900-இல் புவிச்சரிதவியலிலும் தாவரவியலிலும் சிறப்புப் பட்டம் பெற்றார் ஆனந்தர். கல்லையும் மண்ணையும் ஆராயும் விஞ்ஞானியாகவே அவர் வாழ்வைத் தொடங்கினார். 1902-இல் எதல் மேரி பார்ட்ரிட்ஜ் என்னும் அம்மையாரை மணந்து, அடுத்த ஆண்டு இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராகத் தாய்நாடு திரும்பினார். தோரியனைட் என்னும் கதிரியக்கக் கனிமம் 1904-இல் உலகறிய வந்தது, அவர் இலங்கையிற் கண்டறிந்து அனுப்பிய மாதிரியின் வழியேயாம். அவ்வழியே சென்றிருப்பின், விஞ்ஞான உலகில் நற்பெயர் ஒன்றுடன் அவர் வரலாறு முடிந்திருக்கும்.

கனிமம் தேடிச் சென்ற கால்கள் அவரைக் கைவினைஞரின் வாயிலிற் கொண்டுபோய் நிறுத்தின. மலைநாட்டின் ஊர்களிலே தச்சர், பொற்கொல்லர், கருமார், குயவர், நெசவாளர், ஓவியர் ஆகியோர் மூதாதையரின் முறைப்படி அப்போதும் சிற்சில இடங்களில் தொழில் செய்துகொண்டிருந்தனர். மாத்தளைப் பகுதியின் ஹப்புவிட ஊரில், அரக்கை உருக்கி நூலாய் இழுத்துக் கட்டைவிரல் நகத்தாலேயே நறுக்கிப் பூவேலை செய்யும் குடும்பங்கள் இருந்தன. தூரிகையின்றி நகத்தால் தீட்டும் அவ்வித்தையைக் கண்ட விஞ்ஞானி வியந்தார். வியப்புடன் நின்றுவிடாமல், அரக்கு எந்த மரத்திலிருந்து வருகிறது, எவ்வாறு வடிக்கப்படுகிறது, நிறம் எதனாற் சேர்க்கப்படுகிறது என்பவற்றை, கனிமத்தை ஆராயும் அதே நுட்பத்துடன் குறித்துக்கொண்டார். எதல் அம்மையார் நிழற்படம் எடுத்தார். மலைநாட்டுப் பூத்தையலையும் நெசவையும் தாமே கற்று ஆராய்ந்தார். பிற்காலத்தில் எதல் மைரே என்னும் பெயருடன் இங்கிலாந்தின் கைத்தறிக் கலைக்குத் தாயென அவர் விளங்கியதற்கு வித்து இம்மலைநாட்டில் விழுந்தது.

ஒவ்வோர் ஊரிலும் ஆனந்தர் இரண்டு காட்சிகளை அருகருகே கண்டார். ஒன்று கலையின் சிறப்பு. மற்றொன்று அதன் அழிவு. பிரதானிகளின் இல்லங்களில் மூதாதையர் தேடிவைத்த பொருள்கள் பயனற்றவையென ஒதுக்கப்பட்டுக் கிடந்தன. ஐரோப்பாவிலிருந்து வந்த மலிவான பண்டங்கள் கூடத்தை நிறைத்தன. விகாரைகளும் தேவாலைகளும் கவனிப்பாரின்றிச் சிதைந்தன. 1905-இல் கண்டிப் பிரதானிகளை விளித்துப் பகிரங்கக் கடிதம் ஒன்றை அவர் பத்திரிகையில் வெளியிட்டார். பழைய கட்டடங்களைக் காக்கும் கடமை அரசாங்கத்தைவிட முதலில் அவற்றுக்குரிய மக்களின் தலைவர்களையே சாரும் என்பது அக்கடிதத்தின் சாரம். அதே ஆண்டில் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. அவர் அதன் தலைவரானார். 1906-இல் சிலோன் நேஷனல் றிவியூ என்னும் ஏடு சங்கத்தின் குரலாய் வெளிவந்தது. மேனாட்டு நடையுடை பாவனைகளைச் சிந்தியாமற் பின்பற்றுவதை அச்சங்கம் கண்டித்தது. பாடசாலைகளில் தமிழும் சிங்களமும் உரிய இடம் பெறவேண்டுமென ஆனந்தர் வற்புறுத்தினார். தந்தை தமிழர், தாய் ஆங்கிலேயர், கற்றது ஆங்கிலம், காக்க முனைந்தது சிங்களக் கைவினை. இத்தகைய ஒருவர் இனத்தின் எல்லைகளைக் கடந்து இந்நாட்டுக்குப் பொதுவான செல்வம் எதுவெனக் காட்டியது, இன்றைய இலங்கையர் நின்று நினைக்கத்தக்க செய்தியாகும்.

மூன்றாண்டு உழைப்பின் பயனாய்த் தோன்றியது இடைக்காலச் சிங்களக் கலை என்னும் ஆங்கிலப் பெருநூல். 1906-இன் பின் இங்கிலாந்து திரும்பிய ஆனந்தர் புரோட் கேம்ப்டன் என்னும் சிற்றூரில் பழைய நோர்மன் கோயிற் கட்டடம் ஒன்றைச் சீர்செய்த இல்லத்திற் குடியிருந்தார். கைவினையின் பெருமையை ஆங்கிலேயர்க்கு உணர்த்திய வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கை அச்சுப்பொறி அங்கே இருந்தது. இயந்திரப் பெருக்கத்தால் நலிந்த கலையைப் பற்றிய நூலை இயந்திர வேகத்தில் அச்சிடுவது தகாது என்று கருதினார் போலும். கையாலேயே அச்சேற்றி 1908-இல் நிறைவுசெய்தார். அச்சிட்டவை 425 பிரதிகளே. இன்று அந்த முதற்பதிப்பே பழம்புத்தகச் சந்தையில் அரும்பொருளாய்த் தேடப்படுகிறது. பழம்பொருளைப் பற்றி எழுதிய நூல் தானும் பழம்பொருளாயிற்று.

இந்நூல் அழகிய பொருள்களின் பட்டியலாக மட்டும் அமைந்திருப்பின் இத்துணைப் பெருமை பெற்றிராது. பொருளிலிருந்து அதனைச் செய்த மனிதனுக்கும், மனிதனிலிருந்து அவனைத் தாங்கிய சமூகத்துக்கும் ஆசிரியர் நம்மை அழைத்துச் செல்கிறார். கண்டி அரசில் கைவினைஞனுக்கு நிலம் இருந்தது. அந்நிலத்தை உழுது உண்டு, அதற்கு ஈடாக அரசனுக்கோ விகாரைக்கோ பிரதானிக்கோ தன் தொழிலைச் செய்து கொடுத்தான். இதுவே இராசகாரியம். தேர்ந்த வினைஞர் பட்டல் ஹத்தர எனப்பட்ட நால்வகைப் பட்டறைகளில் அரசனுக்கு நேரே பணிபுரிந்தனர். புத்தர் படிமம் முடிந்தபின் கண்திறக்கும் சடங்கு நிகழும். அதன் பின்னரே அப்படிமம் வழிபாட்டுக்கு உரியதாகும். கொடிக்கருக்கும் அன்னமும் மகரமும் சிங்கமும் எங்ஙனம் வரையப்படவேண்டும் என்பதற்கு மரபின் அளவுகள் இருந்தன. சாரிபுத்திரம், ரூபாவலி ஆகிய சிற்ப நூல்களின் பகுதிகளை ஆனந்தர் ஆங்கிலப்படுத்தி அம்மரபை விளக்கினார்.

அந்த அமைப்பில், பாக்குவெட்டி செய்பவனுக்கு அதனை எத்தனை நாளில் முடித்து எத்தனை காசுக்கு விற்பது என்னும் கவலை குறைவு. வயிற்றுக்கு நிலம் இருந்தது. கைக்கு மரபு இருந்தது. பொருளைப் பயன்படுத்துவோன் கண்முன்னே இருந்தான். ஆகவேதான் அன்றாடம் வெற்றிலை போடுவதற்கான ஒரு சிறு கருவியிலும் இத்தனை பொறுமை குடிகொண்டது. இப்பொறுமை மறைந்ததன் காரணமும் அதிலேயே அடங்கியுள்ளது. 1815-இல் கண்டி அரசு வீழ்ந்தது. அரசனின் பட்டறைகள் கலைந்தன. 1830-களின் தொடக்கத்தில் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. அதனால் மக்கள் கட்டாய ஊழியத்தினின்றும் விடுபட்டனர் என்பது உண்மை. கலைஞனைத் தாங்கிய கொம்பும் உடன் முறிந்தது என்பதும் உண்மை. பின்னர்க் கோப்பித் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் வந்தன. கப்பல் கப்பலாய்ப் பிறநாட்டுப் பண்டங்கள் இறங்கின. எஞ்சிய வினைஞன், முகமறியாப் பிரயாணிக்கு நினைவுப் பொருள் செய்பவனானான்.

பழைய அமைப்பில் சாதிக்கட்டும் பிறப்பாலான அடிமைத்தனமும் இருந்தனவே, அவற்றை ஆனந்தர் போதிய அளவு எடைபோட்டனரா என்று இக்காலத்தார் வினவுவர். அவ்வினா நியாயமானதே. தும்பறைப் பாய் நெய்த கின்னர மக்கள் சமூகப் படியின் கீழ்த்தட்டில் வைக்கப்பட்டிருந்தனர் என்பதை எவரும் மறுக்க முடியாது. அழகிய பாயை விரித்தவர், நெய்தவரைத் தம்மோடு அதன்மேல் அமரவிட்டாரில்லை. கைவினையின் வீழ்ச்சியைக் கண்டு வருந்திய ஆனந்தரின் உள்ளம், பழைய ஒழுங்கின் நிழலைவிட அதன் ஒளியையே மிகுதியும் கண்டது. ஆயினும், ஒரு பொருளைப் புரிந்துகொள்ள அதனைச் செய்தவரின் நிலத்தையும் உணவையும் நிலையையும் அறியவேண்டும் என்னும் முறையை வகுத்தவரே அவர்தாம். அவரைக் குறைகாண உதவும் அளவுகோலும் அவர் தந்ததே.

இலங்கையிலிருந்து அவர் நோக்கு இந்தியப் பெருநிலத்தின்மீது சென்றது. சுதேசி இயக்கம் கொழுந்துவிட்ட காலம் அது. அரசியல் விடுதலையை மட்டும் நாடி, கலையையும் கைத்தொழிலையும் மறப்பது வெறுங்கூட்டினைக் காப்பதாகும் என அவர் எடுத்துரைத்தார். இந்தியக் கைவினைஞன் என்னும் அவருடைய நூல் 1909-இல் வெளிவந்தது. தாகூர் குடும்பத்தினருடன் நட்புக் கொண்டார். நிவேதிதை அம்மையார் தொடங்கி இடையில் விட்டுச் சென்ற புராணக் கதை நூலை அவருடைய மறைவின் பின் நிறைவாக்கினார். 1910-இன் இறுதியில் அலகாபாத்தில் நிகழ்ந்த பெருங்கண்காட்சியின் கலைப்பகுதி அவர் பொறுப்பில் அமைந்தது. அதன்பொருட்டும் அதன் பின்னரும் வட இந்திய நகரங்களில் அலைந்து, வணிகரிடமும் பழங்குடும்பத்தாரிடமும் ஓவியங்களைத் தேடித் தேடி வாங்கினார். அக்காலத்தில் மொகலாய ஓவியத்தின் ஒரு சாயலென எண்ணிப் பலரும் புறக்கணித்திருந்த இராசபுத்திர, பஹாரி ஓவியங்கள் தனித்த மரபினையுடையன என அவர் நிறுவினார். 1916-இல் வெளியான இராசபுத்திர ஓவியம் என்னும் இரு தொகுதி நூல் இந்தியக் கலை வரலாற்றில் ஒரு புதிய அதிகாரத்தைத் திறந்தது.

இந்நிலையில் அவர் வாழ்வின் பெரும் வேதனை நிகழ்ந்தது. தாம் திரட்டிய செல்வம் அனைத்தும் இந்தியாவிலேயே இருக்கவேண்டுமென அவர் விரும்பினார். காசியில் தேசிய நூதனசாலை ஒன்றை எழுப்பப் பொருள் திரட்டப்படுமாயின், தம் தொகுப்பைக் கொடுக்கச் சித்தமாயிருப்பதாக அறிவித்தார். செல்வர் இருந்தனர், மன்னர் இருந்தனர், தேசபக்தரும் இருந்தனர். கட்டடம் எழவில்லை. முதல் உலகப் போர் மூண்டது. அடிமைப்பட்ட நாட்டினர் ஆளும் நாட்டுக்காகப் போர்புரிய வேண்டியதில்லை என்னும் கருத்தினராய் அவர் நின்றமையால் இங்கிலாந்தில் அவர் நிலை இடர்ப்பட்டது. அமெரிக்காவின் பொஸ்டன் நகர நுண்கலை நூதனசாலையின் புரவலர் டென்மன் வால்டோ றொஸ் அத்தொகுப்பை வாங்கி நூதனசாலைக்கு அளித்தார். 1917-இல் தொகுப்புடன் தொகுத்தவரும் பொஸ்டன் சேர்ந்தார். இந்தியக் கலைப்பகுதியின் காப்பாளராய் அவர் அங்கே முப்பதாண்டு பணிபுரிந்தார்.

முன்னோர் செல்வத்தைக் கைவிடாதீர் என்று கண்டிப் பிரதானிகளுக்கு எழுதிய கையே, பன்னிரண்டு ஆண்டுகளின்பின் கீழைநாட்டுச் செல்வத்தைக் கடல்கடந்து கொண்டுசெல்லும் கையாயிற்று. இம்முரண்பாட்டை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. கேட்பாரற்றுச் சிதறியிருக்க வேண்டியவை ஓரிடத்தில் ஒழுங்காகப் பேணப்பட்டன. உலக அறிஞர் அவற்றைக் கற்றனர். கீழைக் கலை என்பது காட்டுமிராண்டிகளின் கற்பனை என்றிருந்த மேனாட்டு எண்ணம் மாறிற்று. இவை நன்மைகள். தம் மூதாதையர் தீட்டிய ஓவியத்தைக் காண இந்திய மாணவன் அமெரிக்கா செல்லவேண்டியதாயிற்று. இஃது இழப்பு. இரண்டையும் ஒரே தராசில் இட்டு நிறுப்பது எளிதன்று. கொடுக்க முன்வந்தவரிடம் பெற்றுக்கொள்ள ஆளில்லாமற் போன அந்த நாள்களை எண்ணும்போது, குற்றத்தின் பெரும்பகுதி வாங்கியவர்மீதோ விற்றவர்மீதோ அன்று, வாளாவிருந்தோர்மீதே விழுகிறது.

பொஸ்டனில் அவருடைய புலமை ஆழ்ந்தது. சிவ நடனம் என்னும் கட்டுரைத் தொகுதி 1918-இலும், இந்திய இந்தோனேசியக் கலை வரலாறு 1927-இலும், கலையில் இயற்கையின் உருமாற்றம் 1934-இலும் வெளிவந்தன. இவற்றுக்கு முன்னரே, 1914-இல், கொழும்பு நூதனசாலையிலுள்ள வெண்கலப் படிமங்களைப் பற்றித் தனி நூல் செய்திருந்தார். பொலனறுவையில் அகழ்ந்தெடுத்த நடராசரும் நாயன்மாரும் அதனால் உலகறிந்தனர். வேதம், உபநிடதம், பௌத்தம், கிரேக்கத் தத்துவம், இடைக்காலக் கிறித்தவம் ஆகியவற்றை ஒப்பிட்டு, எல்லாவற்றின் ஆழத்திலும் ஒரே மெய்ம்மை ஓடுகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

நூதனசாலையிற் பணிபுரிந்தவர், நூதனசாலை என்னும் ஏற்பாட்டையே வினாவுக்கு உட்படுத்தினார். கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைப்பது எதற்கு என்னும் பொருளில் அவர் எழுதிய நூல் 1943-இல் வெளிவந்தது. கண்ணாடிப் பேழைக்குள் வைப்பதற்காக எந்தப் படிமமும் வார்க்கப்படவில்லை; எந்தக் கிண்ணமும் வனையப்படவில்லை. பயன்படுவதற்கென்றே அவை பிறந்தன. பயனும் பொருளும் பிரிக்கப்பட்டபின் எஞ்சுவதை அழகு என்று வியப்பது, உணவின் வாசனையை மட்டும் நுகர்ந்து பசியாறியதாக எண்ணுவது போலாகும் என்பது அவர் கொள்கையின் போக்கு. ஆகவே நூதனசாலை வேடிக்கை காட்டுமிடமாகாது, கல்வி புகட்டுமிடமாக வேண்டும் என்றார். விலைமதிப்பையும் அருமையையும் கண்டு வியக்கும் பழம்பொருட் சேகரிப்பாளனுக்கு அவர் சொன்ன நல்லுரையும் இதுவே.

1947 ஆகஸ்டில் இந்தியா விடுதலை பெற்றது. அதே மாதத்தில் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. பணியினின்றும் ஓய்வு பெற்று இந்தியா சென்று, இமயத்தை அடுத்துத் தவவாழ்வு வாழ எண்ணியிருந்தார். அவ்வெண்ணம் ஈடேறவில்லை. 1947 செப்டம்பர் 9-ஆம் நாள் மாசசூசெற்ஸ் மாநிலத்தின் நீடம் என்னும் ஊரில் அவர் உயிர் நீத்தார்.

தம் வாழ்க்கை வரலாறு எழுதப்படுவதை அவர் விரும்பியவரல்லர். செய்தவன் பெயரைப் பொருளின்மேற் பொறியாத கைவினைஞரின் மரபை மதித்தவர், தம் பெயருக்கு மட்டும் விளக்கேற்றுவதை ஏற்பாரா? ஆயினும் மலாயாவில் ஆசிரியராய் இருந்த எஸ். துரைராஜசிங்கம் என்னும் யாழ்ப்பாணத்தவர், அவருடைய கடிதங்களையும் கட்டுரைகளையும் அவரைப் பற்றிய குறிப்புகளையும் பல்லாண்டு தேடித் திரட்டி நூல்களாய் வெளியிட்டார். பெருஞ்செல்வமோ பெரும்பதவியோ இல்லாத பள்ளி ஆசிரியர் ஒருவர் ஓர் அறிஞரின் நினைவைக் காத்தார் என்பது, இப்பத்தியைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்கள் பெருமிதம் கொள்ளத்தக்கது.

அவர் காலத்துக்குப் பின்னும் அவர் எழுப்பிய வினா ஓயவில்லை. 1815-இல் ஆங்கிலேயர் கொண்டுசென்ற கண்டிச் சிம்மாசனம் 1934-இல் இலங்கைக்குத் திரும்பியது. அப்போது அவர் பொஸ்டனில் இருந்தார். 1940-இல் இலங்கையில் இயற்றப்பட்ட தொல்பொருட் சட்டம், கண்டி ஒப்பந்தம் நிறைவேறிய 1815 மார்ச் 2-ஆம் நாளை எல்லைக்கோடாகக் கொண்டு அதற்கு முற்பட்டவற்றைத் தொல்பொருளெனக் காத்தது. 1765-இல் ஒல்லாந்தர் படை கண்டியிலிருந்து கவர்ந்த அலங்காரப் பீரங்கியும் வாள்களும் பிறவுமாகிய ஆறு பொருள்கள், ஆம்ஸ்டர்டாமின் றைக்ஸ் நூதனசாலையிலிருந்து 2023-இன் இறுதியில் கொழும்பு வந்து சேர்ந்தன. இரண்டரை நூற்றாண்டின்பின் திரும்பிய அவற்றை மக்கள் கண்ணாடிப் பேழையிலேயே காண்கின்றனர்.

இவற்றினும் ஆனந்தரின் உள்ளத்தை மகிழ்வித்திருக்கக்கூடிய செய்தி வேறொன்று. தும்பறைப் பாய் நெய்யும் கைவினையை 2021-இல் யுனெஸ்கோ நிறுவனம் மானிடத்தின் தொட்டுணரா மரபுச் செல்வங்களின் பட்டியலிற் சேர்த்தது. சிறப்பிக்கப்பட்டது பாய் அன்று; பாய் நெய்யத் தெரிந்த கை. குண்டசாலையை அடுத்த நத்தரம்பொத்தையில் கலாபுர என்னும் கைவினைஞர் குடியிருப்பில் பித்தளையும் வெள்ளியும் தட்டும் ஓசையை இன்றும் கேட்கலாம். அக்கைகளுக்குப் போதிய கூலியும், அக்கைவினைஞரின் மக்களுக்கு அத்தொழிலில் நம்பிக்கையும், அவர்களுக்குச் சமூகத்தில் முழு மதிப்பும் கிடைக்குமாயின், பழைய அமைப்பின் இருளை நீக்கி அதன் ஒளியை மட்டும் பெற்றவர்களாவோம்.

மாணவர் ஒருவர் தம் இல்லத்தின் பரணிலோ பாட்டியாரின் பெட்டகத்திலோ ஒரு பழைய பாக்குவெட்டியைக் காண்பாராயின், அதனை விற்றால் எவ்வளவு கிடைக்கும் என்று விசாரிப்பதற்கு முன்னர் ஒரு தாளை எடுத்துக்கொள்க. எந்த உலோகம், எவ்வூர் வேலை, எவர் கைமாறி வந்தது, எதற்குப் பயன்பட்டது, அதனைப் போன்றதைச் செய்ய வல்லவர் இன்று அருகில் எவரேனும் உளரா என்று முதியோரைக் கேட்டு எழுதுக. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் கலாயோகி கண்டியின் ஊர்களிற் செய்த வேலை இதுவே. அதனைத் தொடர்வதற்குப் பொஸ்டன் செல்லவேண்டியதில்லை. பொருளை அறிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே சென்று கேட்டால் போதும்.